தொட்டிக் கணக்கும் 8 மார்க்கும்

இன்ஜினியரிங் பிள்ளைகளுக்கு வகைக்கெழுச் சமன்பாட்டில் (ஒன்று மாறும் வேகத்தைச் சொல்லும் சமன்பாடு) நான் பரீட்சையில் கேட்ட அந்தத் தொட்டிக் கணக்கேதான், மறுபடியும். 'மேடம் சிலபஸில் இல்லாததைக் கேட்டுவிட்டார்' என்று மனுப் போய், எல்லோருக்கும் 8 மார்க் போடச் சொல்லி உத்தரவும் வந்தாயிற்று. போட்டுவிட்டேன். திருப்திதானே?

கேட்டது இதுதான். நேர்ச்சுவர்த் தொட்டி, அடியில் ஓட்டை. நிறைந்திருந்த தண்ணீரில் பாதி வடிய 12 நிமிடம், மீதி வடிய எவ்வளவு? வடியும் வேகம் உயரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்று கேள்வியிலேயே சொல்லியிருந்தேன். மாறிகளை, அதாவது உயரத்தையும் நேரத்தையும், பிரித்துத் தொகையிட்டால் கிட்டத்தட்ட 29 நிமிடம் வரும். பாதி வகுப்புக்கு மேல் கூசாமல் 12 என்று எழுதியிருந்தது.

முறை சிலபஸில் இருக்கிறது, கணக்குதான் கொஸ்டின் பேங்கில் இல்லை. இரண்டும் ஒன்றா? சமன்பாட்டை நானே எழுதிக் கொடுத்தால் சி.எஃப்., பி.ஐ. என்று விடையின் இரண்டு பாகங்களையும் போட்டு மளமளவெனத் தீர்ப்பார்கள். தொட்டியைக் கொடுத்து, சமன்பாட்டை நீ எழுது என்றால் டார்ச்சராம். தீர்க்கக் கம்ப்யூட்டர் இருக்கிறது ஐயா, அந்த முதல் வரியை எழுதத்தானே இன்ஜினியர்?

நானும் உருப்போட்டவள்தான். இதே பேப்பரில் 96. அப்புறம் ஒரு இன்டர்வியூவில் ஸ்பிரிங்கில் தொங்கும் எடைக்குச் சமன்பாட்டை எழுதி, நடு உறுப்பு என்ன செய்கிறது என்றார்கள். ரூட் காம்ப்ளெக்ஸாக வந்தால் என்ன ஃபார்முலா என்று ஒப்பித்தேன். 'அதெல்லாம் சரிம்மா, ஆட்டம் அடங்குமா அடங்காதா?' வாயே திறக்கவில்லை. திரும்பும்போது டவுன் பஸ் பள்ளத்தில் இறங்கி, நாலு குலுங்கு குலுங்கி நிதானத்துக்கு வந்தபோதுதான் உறைத்தது: ஆட்டத்தை அடக்குவதுதான் அந்த நடு உறுப்பின் வேலை.

'இப்படி நடத்தினால் சிலபஸின் அஞ்சு யூனிட்டை எப்போது முடிப்பது?' என்கிறார்கள் சக ஆசிரியர்கள். நியாயம், என்னிடம் பதில் இல்லை. 'பிளேஸ்மென்ட்டில் இதையா கேட்கிறான்?' அங்கே கேட்காததையெல்லாம் தூக்கிவிட்டால் மிஞ்சுவது பஸ் ஃபீஸ்தான். 'தமிழ் மீடியம் பிள்ளைகள் பாவம்' என்று மட்டும் என்னிடம் வராதீர்கள். பன்னிரண்டு வரை தமிழில் படித்தவள் நான், கேள்வியைத் தமிழிலும் வாசித்துக் காட்டினேன். பாவம் பார்த்துப் பார்த்தே அவர்களை யோசிக்க விடாமல் வைத்திருக்கிறோம். ஸ்டாஃப் குரூப்பில் தொட்டி ஸ்டிக்கர் போட்டுச் சிரித்தவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஆமாம், பார்த்தேன்.

ஒரு பையன், தமிழ் மீடியம்தான், இப்படி எழுதியிருந்தான்: 'தண்ணி குறையக் குறைய வேகம் குறையும், அதனால் 12-ஐ விட நிறைய ஆகும், எவ்வளவுன்னு போடத் தெரியல மேடம்.' அடித்து அடித்து மூன்று தடவை முயன்ற தடம் கீழே கிடந்தது. 5 போட்டிருந்தேன். இப்போது அவனுக்கும் 8, வெறும் தாளைக் கொடுத்தவனுக்கும் 8.

இன்று வராண்டாவில் நிறுத்தி அவன் கேட்டது மார்க்கை அல்ல. 'எத்தனை நிமிஷம் மேடம்?'