தேயிலை மலையில் கஞ்சா நட்டால் யாருக்கு லாபம்?

2025இல் இலங்கையில், மீரிகமவில் 64 ஏக்கரில், ஏற்றுமதிக்கு மட்டும் என்ற நிபந்தனையோடு, 7 வெளிநாட்டு முதலீட்டாளர்களுக்குக் கஞ்சா பயிரிட அரசு வழிவிட்டது. அதிலிருந்து ஒரு பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. "தேயிலை இனிக் கட்டாது. காடாகிக் கிடக்கிற மலைகளில் இதை நட்டால் டாலர் வரும், தோட்டத்துச் சனமும் பிழைக்கும்."

பிழைக்காது. முதலில் மண்ணைப் பாருங்கள். தேயிலை மண் புளிப்பு மண்; புளிப்பைக் காட்டும் பி.எச். எண் 4.5 முதல் 5.5 வரை (எண் குறைந்தால் புளிப்பு கூடும்). கஞ்சாவுக்கு 6க்கு மேல் வேண்டும். டொலமைட் என்ற சுண்ணாம்புக் கல் தூள் போட்டு அதைத் திருத்தலாம். ஆனால் பாஸ்பேட் உரத்தோடு வந்து தங்கிய காட்மியத்தை என்ன செய்வது? கஞ்சாச் செடி கன உலோகங்களை மண்ணிலிருந்து உறிஞ்சித் தன்னுள் சேர்த்துக்கொள்ளும். மருந்துக்காக வாங்குகிறவர்கள் காட்மியம், ஈயம், ஆர்செனிக், பாதரசம் நான்கையும் சோதிப்பார்கள். ஒன்று எல்லை மீறினாலும் அந்த அறுவடையை மருந்துக்கு விற்க முடியாது.

அடுத்தது பனியும் மழையும். பூ அடர்த்தியாக இருப்பதால் ஈரம் உள்ளே நின்று சாம்பல் பூஞ்சணம் பிடிக்கும். வெளியே தெரியும்போது நடுப்பகுதி அழுகியிருக்கும். காட்டை வெட்டிப் போடும் திருட்டுக் கஞ்சாத் தோட்டங்கள் பெரும்பாலும் மலை நாடான நுவரெலியாவில் அல்ல, தணமல்வில, சியம்பலாண்டுவ போன்ற வறண்ட காடுகளில்தான் பிடிபடுகின்றன. இன்னொன்று, இது இரவு நீண்டால் பூக்கிற செடி. இங்கே வருடம் முழுக்கப் பகல் ஏறக்குறைய 12 மணி நேரம் என்பதால், பல ரகங்கள் வளர்வதற்கு முன்பே பூத்துவிடும். அதைத் தள்ளிப்போட விளக்கு வேண்டும், கூடாரம் வேண்டும், ஈரம் இழுக்கும் இயந்திரம் வேண்டும். இதெல்லாம் பெரிய பணம் உள்ளவர்களுக்கான தொழில். கொழுந்து 7 நாளுக்கொரு முறை எடுக்க வேண்டும், அதனால்தான் வருடம் முழுக்கப் பேர் விழுகிறது, அதாவது நாள் வேலை பதிவாகிறது. கூடாரத்துக்குள் அத்தனை கைகளுக்கு வேலை இல்லை.

உள்நாட்டில் விற்று வரி எடுக்கலாம் என்பவர்கள் கனடாவைப் பார்க்க வேண்டும். அங்கே 2018இல் சட்டமாக்கியபோது கிராமுக்கு 1 டாலர் அல்லது விலையில் 10 சதவீதம், எது கூடவோ அது வரி. எல்லாரும் பயிரிட்டதால் விலை விழுந்தது. அந்த 1 டாலர் வரி மட்டும் குறையவில்லை. வரி கட்ட முடியாமல் நிறுவனங்கள் கடனில் மூழ்கின. தாய்லாந்து 2022இல் கதவைத் திறந்துவிட்டு, 2025இல் மருத்துவச் சீட்டு இல்லாமல் பூ விற்கக் கூடாது என்று திரும்பியது.

இவ்வளவும் காசுக் கணக்கு. நியாயக் கணக்கு வேறு, எனக்கு அதுதான் பெரிது. கஞ்சா தீங்கில்லாத பொருள் அல்ல. பதின்ம வயதில் தொடங்கி அடிக்கடி புகைக்கிற பிள்ளைக்கு மனநோய் ஆபத்து கூடுகிறது; போதை தரும் பொருளான டி.எச்.சி. கூடிய சரக்கென்றால் இன்னும் மோசம். தவறணையும் (சாராயக் கடையும்) கசிப்பும் (கள்ளச் சாராயமும்) தோட்டத்து லயக் குடியிருப்புகளுக்குச் செய்ததைக் கண்ட பிறகு, இன்னொரு போதைக்குக் கடை திறக்கச் சொல்ல எனக்கு மனம் வராது.

ஆனால் ஒரு கஞ்சாச் சுருளோடு பிடிபட்ட பையனைச் சிறைக்கு அனுப்புவது எந்த ஒழுக்கம்? நம் நாட்டில் தண்டனை பெற்றுச் சிறை போகிறவர்களில் பெரும் பகுதியினர் அபராதம் கட்ட வழியில்லாதவர்கள். கொழும்பில் வக்கீல் வைக்க முடிந்தவர் அன்றே வீடு திரும்புவார். தோட்டத்து நாள் சம்பளக் குடும்பத்துப் பையன் உள்ளே போவான். வெளியே வந்தாலும் வெளிநாட்டு வேலைக்குப் பொலிஸ் சான்றிதழ் கேட்பார்கள், அதோடு அந்தக் கதவும் மூடும். அதே இலைக்கு மீரிகமவில் முதலீட்டாளருக்கு வரவேற்பு.

மலையகத்துப் பாராளுமன்ற உறுப்பினர்களும் தொழிற்சங்கங்களும் இரண்டைக் கேட்க வேண்டும். சொந்தப் பாவனைக்கு வைத்திருக்கும் சிறிய அளவுக்குச் சிறையும் குற்றப்பதிவும் இல்லாமல், மாவட்ட வைத்தியசாலை மனநலப் பிரிவுக்கு அனுப்பும் சட்டத் திருத்தம் ஒன்று. தோட்டக் காணியை இந்தப் பயிருக்குக் குத்தகைக்கு விடுவதற்கு முன், லயத்துக் குடும்பங்களுக்கு வீட்டுக் காணி உறுதிப்பத்திரம் கையில் கொடுக்க வேண்டும் என்ற நிபந்தனை இன்னொன்று.