விஐபி டூர் எடுப்பவர்கள் மேல் கோபப்படாதீர்கள்

அமெரிக்காவின் டிஸ்னி வேர்ல்ட் கேளிக்கைப் பூங்காவில் விஐபி டூர் எடுப்பவர்களை, அதாவது டிஸ்னியின் கைடு ஒருவரைக் காசு கொடுத்து அமர்த்தி நீண்ட வரிசையில் நிற்காமல் சுற்றிப் பார்ப்பவர்களைப் பற்றிப் பேச்சு வந்தாலே "பணக் கொழுப்பு" என்று முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. முதலில் கணக்கைப் பார்ப்போம்.

ஃப்ளோரிடாவில் அந்த டூருக்கு மணிக்கு 450 டாலரில் தொடங்கி, கூட்டம் அதிகமுள்ள நாட்களில் 900 டாலர் வரை வாங்குகிறார்கள். குறைந்தது 7 மணி நேரம் எடுத்தாக வேண்டும், பார்க் டிக்கெட் தனி. ஆனால் இது மொத்தக் குழுவுக்கான விலை, குழுவில் 10 பேர் வரை இருக்கலாம். விலை குறைந்த நாளில் 3,150 டாலர் ஆகும், பத்துப் பேர் பகிர்ந்தால் ஆளுக்கு 315. நான்கே பேர் என்றால் ஆளுக்கு எண்ணூறை நெருங்கிவிடும், அதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

கைடு என்றால் வரிசையைத் தாண்ட உதவும் ஆள் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். தாத்தா பாட்டி, கைக்குழந்தை, ரோலர் கோஸ்டரைத் தவிர எதையும் பார்க்க மறுக்கும் பதின்வயதுப் பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து போகும் குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். சாதாரணமாகப் போனால் அந்தக் குடும்பத்தில் ஒருவர், பெரும்பாலும் அம்மா, நாள் முழுக்க போனைப் பார்த்துக்கொண்டு அடுத்த ரைடுக்கு நேரம் பிடிப்பதிலேயே இருப்பார். எதை முதலில் பார்ப்பது, எப்போது சாப்பிடுவது, வாணவேடிக்கைக்கு எங்கே நிற்பது என்ற கவலையெல்லாம் அவர் தலையில்தான். கைடு வந்தால் அந்த அம்மாவுக்கும் அது விடுமுறை நாள் ஆகிறது. டிஸ்னி வேர்ல்டின் பார்க்குகளில் ஒன்றான மேஜிக் கிங்டம் போக காரை நிறுத்திவிட்டு அப்புறம் மோனோரெயிலோ படகோ பிடித்துத்தான் வாசலுக்கே வர வேண்டும், கைடுகளோ ஒரு பார்க்கிலிருந்து இன்னொன்றுக்குத் தங்கள் வண்டியிலேயே பின்பக்கச் சாலை வழியாகக் கூட்டிப் போய்விடுவார்கள். முட்டி வலி உள்ளவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்!

சரி, வரிசையில் நிற்கிறவர்களின் எரிச்சல்? அது முழுக்க நியாயம்தான். ஒரு ரைடு மணிக்கு இத்தனை பேரைத்தான் ஏற்ற முடியும், முன்னால் விடப்படும் ஒவ்வொருவரின் நேரமும் பின்னால் நிற்பவரிடமிருந்துதான் போகிறது. ஆனால் ஒரு நாளில் எத்தனை விஐபி குழுக்கள் இருந்துவிட முடியும்? உங்கள் வரிசையை நகரவிடாமல் வைத்திருப்பது தனி விரைவு வரிசையில் போக, போனில் யார் வேண்டுமானாலும் வாங்கக்கூடிய பாஸ்கள். 1999இல் வந்த ஃபாஸ்ட்பாஸ் என்ற முதல் விரைவு வரிசை பாஸ், டிக்கெட் வாங்கிய எல்லோருக்கும் இலவசம். 2021இல் அதைத் தூக்கிவிட்டு ஜீனி பிளஸ் என்று காசுக்கு விற்றார்கள், 2024இல் அதற்கு லைட்னிங் லேன் மல்டி பாஸ் என்று பெயர் மாற்றினார்கள், அதே ஆண்டு அக்டோபரில் பிரீமியர் பாஸ் என்று இன்னொன்றையும் சேர்த்து, பார்க்கையும் நாளையும் பொறுத்து ஆளுக்கு 129 முதல் 449 டாலர் வரை விலை வைத்தார்கள். எல்லோருக்கும் பொதுவாக இருந்ததைப் பிடுங்கி அவர்களுக்கே விற்றதுதான் எனக்கு ஆறவே ஆறாத விஷயம். சாதாரண வரிசையும் விரைவு வரிசையும் சேரும் இடத்தில் விரைவு வரிசை ஆட்கள் கொத்துக் கொத்தாக உள்ளே போக, வெயிலில் நின்று வந்த குழந்தை "நாம எப்போ போவோம்" என்று கேட்கிறதே, அதற்கு அந்த விற்பனைதான் பதில் சொல்ல வேண்டும்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். குறுக்கு வழி காட்டுகிறேன் என்று வரும் வெளி ஆட்களை வைக்காதீர்கள். வசதியான சிலர் மாற்றுத்திறனாளிகளைக் கைடாக வாடகைக்கு அமர்த்தி வரிசையைத் தாண்டுகிறார்கள் என்று 2013இல் நியூயார்க் போஸ்ட் எழுதியது. அதே ஆண்டு அக்டோபரில் டிஸ்னி, மாற்றுத்திறனாளிகள் வழக்கமான வரிசையில் நிற்காமல் போகக் கொடுத்துவந்த பழைய உதவி அட்டையை நிறுத்திவிட்டு விதிகளை இறுக்கியது. காத்திருக்கவே முடியாத ஆட்டிசம் குழந்தைகளின் பெற்றோர் வழக்குப் போடும் அளவுக்குத் தவித்தார்கள்.

நான்கு பேராகப் போகிறவர்கள் அந்தக் காசில் டிஸ்னி ஹோட்டலிலேயே தங்கிவிடுங்கள். அங்கே தங்குகிறவர்களைத் தினமும் அரை மணி நேரம் முன்பே பார்க்குக்குள் விடுகிறார்கள், கூட்டம் சேருவதற்குள் பெரிய ரைடு ஒன்றை முடித்துவிடலாம்.