நாவல்தான் முதலில்
ஹாலிவுட் நடிகை டெமி மூர் நடித்த ‘ஸ்ட்ரிப்டீஸ்’ படம் வந்த பிறகு அதை வைத்து எழுதிய மலிவான கவர்ச்சிக் கதைதான் ‘ஸ்ட்ரிப் டீஸ்’ நாவல் என்று இங்கே ஒருவர் சொல்லியிருக்கிறார். அப்படியே தலைகீழ். கார்ல் ஹையாசனின் நாவல் 1993-ல் வந்துவிட்டது, படம் 1996-ல்தான். அவர் அப்போது ‘மயாமி ஹெரால்டு’ பத்திரிகைக்காரர், அவருடைய கோபமெல்லாம் ஃபுளோரிடா அரசியல்வாதிகள் மேலும் சர்க்கரை முதலாளிகள் மேலும்தான். கதாநாயகி எரின் ஆடை அவிழ்ப்பு நடன கிளப்பில் ஆடுவதே மகளை மீட்கும் வழக்குக்கு வக்கீல் ஃபீஸ் கட்டத்தான், அதற்கு முன்னால் எஃப்.பி.ஐ. (அமெரிக்கப் புலனாய்வுத் துறை) அலுவலகத்தில் வேலை பார்த்தவள். மேடையில் அவளைக் கட்டிப்பிடித்த ஒருத்தனை ஒரு காங்கிரஸ் உறுப்பினர் (நம்ம ஊர் காங்கிரஸ் இல்லை, அமெரிக்க நாடாளுமன்றம்) ஷாம்பெயின் பாட்டிலால் அடித்துவிட, அங்கே ஆரம்பித்து பிளாக்மெயில், கொலை, சர்க்கரை மானியத்துக்கான ஓட்டு என்று கதை எங்கேயோ போகிறது. படம் மோசம்தான், அந்த வருடத்தின் மட்டமான படம் என்று ராஸி விருதே வாங்கியது. அதற்காக நாவலைப் படிக்காமலே திட்டினால் எப்படி?