எஞ்சினுக்கு முன் துருவைப் பாருங்கள்

எம்ஜிபி என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரை வீட்டுக் கராஜில் புதுப்பிக்க நினைப்பவர்கள் முதலில் எஞ்சினைக் கழற்றிப் பிரிக்க வேண்டும் என்று நான் படித்த ஒரு கட்டுரையின் ஆசிரியர் சொல்வதை என்னால் ஏற்க இயலவில்லை. 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் ஆபிங்டனில் தயாரான இந்தக் காருக்குத் தனி சேஸி (அடிச்சட்டம்) கிடையாது. கதவுகளுக்கு அடியில் நீளவாக்கில் ஓடும், 'சில்' எனப்படும் பெட்டி போன்ற தகட்டுப் பகுதிதான், குறிப்பாகக் கூரையில்லாத ரோட்ஸ்டரில், வண்டியின் எடையைத் தாங்குகிறது. துரு உள்ளிருந்து அரிப்பதால், வெளியே பெயின்ட் பளபளத்துக்கொண்டிருக்கும்போதே உள்தகடு பொடிந்து போயிருக்கும். என் வண்டியில் ஸ்க்ரூடிரைவரால் லேசாகக் குத்தியதும் அது பிடிவரை உள்ளே இறங்கிவிட்டது. பிஸ்கட் தூள் போல ஒரு கைப்பிடி துரு தரையில் கொட்டியது. அதன்பின் நடந்தது முழுக்க என் அவசரபுத்தியின் விளைவு. கதவு வாசலின் குறுக்கே இரும்புக் குழாயைப் பற்றவைத்து முட்டுக் கொடுக்காமல் பழைய தகட்டை வெட்டியதால், பாடி நடுவில் தொய்ந்து, கதவு பூட்டோடு சேர மறுத்தது. அதைச் சரிசெய்யவே ஒரு குளிர்காலம் போயிற்று. 1798 சிசி எஞ்சினும் பெட்ரோலையும் காற்றையும் கலந்து தரும் இரட்டை எஸ்யூ கார்புரேட்டர்களும் எளிமையானவை, உதிரி பாகங்களும் இன்றுவரை கிடைக்கின்றன; அவற்றைப் பிறகு சாவகாசமாகப் பார்த்துக்கொள்ளலாம்.