அரை மணி நேரம் பஞ்சு பிரித்த பிள்ளைகள்

அமெரிக்கப் பள்ளிகளில் முற்போக்குக் கல்வி, அதாவது பிள்ளைகள் வெறுமனே கேட்டு மனப்பாடம் செய்யாமல் தாங்களே செய்துபார்த்துக் கற்கும் முறை, என்று பேச்செடுத்தாலே, "அதெல்லாம் பார்த்தாச்சு, தோத்துப்போன விஷயம்" என்று முடித்துவிடுகிறார்கள். எனக்கு இதில் உண்மையாகவே வருத்தம்.

1896இல் இந்த முறையின் முன்னோடியான அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஜான் டூயி சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனைப் பள்ளி தொடங்கினார். முதலில் 16 பிள்ளைகள்தான். பிள்ளைகளுக்கு ஏற்ற மேசை நாற்காலி தேடிக் கடை கடையாக அலைந்ததை அவரே எழுதியிருக்கிறார். ஒரு கடைக்காரர் சொன்னாராம்: நீங்கள் கேட்பது பிள்ளைகள் வேலை செய்வதற்கான மேசை, எங்களிடம் இருப்பதெல்லாம் உட்கார்ந்து கேட்பதற்கானவை.

அந்தப் பள்ளியில் வரலாறு எப்படி நடந்தது தெரியுமா? பிள்ளைகள் கையில் பருத்தியைக் கொடுத்தார்கள். ஒரு குழு அரை மணி நேரம் கொட்டையிலிருந்து பஞ்சைப் பிரித்தும் ஒரு அவுன்ஸ்கூடத் தேறவில்லை. தங்கள் முன்னோர் பருத்தியை விட்டுவிட்டு ஏன் கம்பளி உடுத்தினார்கள் என்பது அவர்கள் விரலுக்கே புரிந்துவிட்டது. இதைப் போய் விளையாட்டு என்கிறார்கள்!

சரி, பெயர் எப்படிக் கெட்டது? 1945க்குப் பிறகு "வாழ்க்கைக்குப் பொருந்தும் கல்வி" என்று ஒன்று கிளம்பியது. 10 பிள்ளைகளில் 6 பேர் கல்லூரிக்கும் போகமாட்டார்கள், கைத்திறன் தொழிலுக்கும் போகமாட்டார்கள், அதனால் அவர்களுக்குக் கனமான பாடம் வேண்டாம் என்பதுதான் அதன் அடிப்படை. பிள்ளையின் அறிவைக் குறைத்து எடைபோட்ட அந்தத் திட்டத்தை டூயியின் கணக்கில் எழுதுவது அநியாயம்.

இன்னொன்றையும் மறந்துவிட்டோம். 1930களில் சுமார் 30 உயர்நிலைப் பள்ளிகளுக்கு, கல்லூரி கேட்கும் பாடப்பட்டியலைத் தள்ளிவைத்துத் தங்கள் விருப்பப்படி கற்பிக்கும் சுதந்திரம் கிடைத்தது. சுமார் 300 கல்லூரிகள் ஒத்துக்கொண்டன. அப்புறம் அந்த மாணவர்கள் 1,475 பேரை, வயது, திறன், குடும்பப் பின்னணி ஒத்த மற்ற மாணவர்களோடு ஜோடி சேர்த்துக் கல்லூரியில் கவனித்தார்கள். புதுமுறையில் படித்தவர்கள் பின்தங்கவில்லை, மதிப்பெண்ணில் சற்று முன்னாலேயே இருந்தார்கள். பழைய முறையிலிருந்து அதிகம் விலகிய பள்ளிகளின் பிள்ளைகள்தான் இன்னும் நன்றாகச் செய்தார்கள். அவற்றில் பல வசதியான தனியார் பள்ளிகள் என்பதையும் நான் மறைக்கவில்லை. ஆனால் ஜோடி சேர்த்ததே அதற்கு ஈடுகட்டத்தானே?

"எட்டாண்டு ஆய்வு" எனப்படும் இதன் அறிக்கை வெளிவந்தது 1942இல், இரண்டாம் உலகப் போருக்கு நடுவே. கவனித்தவர்கள் குறைவு. 1957இல் சோவியத் யூனியனின் ஸ்புட்னிக் செயற்கைக்கோள் பறந்ததும், அமெரிக்கா பின்தங்கியதற்குப் பள்ளிகள்தான் காரணம் என்று பழியெல்லாம் டூயி தலையில் விழுந்தது. அவர் இறந்து அப்போது ஐந்து வருடம் ஆகியிருந்தது. பதில் சொல்ல ஆளில்லை.

தோற்றுப்போன விஷயம் என்பவர்கள் அந்த அறிக்கையைப் படித்துவிட்டு வாருங்கள், பேசலாம்.