டாக்டர், அந்தப் பக்கம் இல்ல

கடலூர் மஞ்சக்குப்பத்தில் பதினாலு வருஷமாகப் பல் கிளினிக் வைத்திருக்கிறேன். நான், கூட நின்று கை கொடுக்க இரண்டு பெண்கள், வரவேற்பில் ஒருவர், கூட்டித் துடைத்துக் கருவி கழுவும் அக்கா ஒருவர். மொத்தமே ஐந்து பேர். ஐந்து பேருக்குள் என்ன பெரிய பேச்சுவார்த்தைக் கோளாறு வந்துவிடப் போகிறது என்றுதான் நானும் இருந்தேன்.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை சாயங்காலம். தேவனாம்பட்டினத்திலிருந்து வந்த பெரியவருக்குக் கீழ்க் கடைவாய்ப்பல் ஒன்றை எடுக்க வேண்டும். இரண்டு பக்கமும் சொத்தை. இடது பக்கம் இனித் தேறாது, வலது பக்கத்தை அடைத்துக் காப்பாற்றிவிடலாம். பல் டாக்டர்கள் பல்லுக்குப் போடும் எண்ணில் இடது 36, வலது 46. எக்ஸ்ரே ஃபிலிமின் மூலையில் சின்னதாக ஒரு புடைப்புப் புள்ளி இருக்கும். அந்தப் புடைப்பு நம் பக்கம் இருந்தால்தான் இடம் வலம் சரியாகத் தெரியும். வெளியே பத்துப் பேர் உட்கார்ந்திருந்த அவசரத்தில் நான் ஃபிலிமைத் திருப்பிப் பிடித்துவிட்டேன். வலது பக்கம் ஊசி போட்டேன். மரத்துப் போச்சா என்று கேட்டேன், தலையாட்டினார்.

பல் பிடுங்கும் ஃபோர்செப்ஸைக் கையில் எடுத்த நேரம், பக்கத்தில் நின்ற பெண் உறிஞ்சு குழாயை ட்ரேயில் 'டொக்' என்று வைத்தாள். கேஸ் கார்டை எடுத்து என் கண்ணுக்கு நேராகப் பிடித்தாள். 36. ஒரு வார்த்தை பேசவில்லை.

பெரியவரிடம் நடந்ததைச் சொல்லி, காசு வாங்காமல் திங்கட்கிழமை வரச் சொன்னேன். "பக்கம் மாறுதேன்னு நெனச்சேன், டாக்டருக்குத் தெரியாததா" என்றார். அப்புறம் அந்தப் பெண்ணைக் கேட்டேன், ஏம்மா முன்னாடியே சொல்லவில்லை? "ஊசி போடும்போதே தெரிஞ்சது டாக்டர். பேஷண்ட் முன்னாடி எப்படிச் சொல்றது?"

அவள் பயந்ததில் தப்பில்லை. அதற்கு இரண்டு மாசம் முன்னால், பல் அடைக்கும் சிமெண்ட் கலவை கெட்டியாகிவிட்டது என்று ஒரு பேஷண்ட் எதிரிலேயே அவளைக் கத்தியிருந்தேன். எனக்கு அன்று ராத்திரியே மறந்துவிட்டது. அவளுக்கு மறக்கவில்லை.

புதுச்சேரியில் ஏதோ ஹோட்டலில் ஒரு நாள் 'டீம் பில்டிங்' வகுப்புக்குப் போய்வந்தவன் நான். வந்த கையோடு வாட்ஸப் குரூப் ஆரம்பித்தேன். அதில் தினமும் காலை வணக்கம், ரோஜாப்பூ. வேறென்ன வரும்? வேலைக்குச் சேர்ந்து மூன்று மாசம் ஆன ஒரு பெண், டாக்டரின் கையைப் பிடித்து நிறுத்த முடியாத இடத்தில் எந்தக் குரூப்பும் எதுவும் செய்யாது. உலக சுகாதார நிறுவனம் 2008இல் அறுவை சிகிச்சைக்கென்று 19 அம்சம் கொண்ட சரிபார்ப்புப் பட்டியல் கொண்டுவந்தது. அதில் ஓர் அம்சம், ஆபரேஷன் தியேட்டரில் இருக்கும் எல்லோரும் தங்கள் பெயரையும் வேலையையும் சொல்லி அறிமுகப்படுத்திக்கொள்ள வேண்டும் என்பது. முதலில் படித்தபோது சிரிப்பு வந்தது. இப்போது வரவில்லை. ஒருமுறை வாயைத் திறந்து பேசியவருக்கு அடுத்த முறை பேசுவது சுலபம்.

இப்போது பல் எடுக்கும் முன் நான் பக்கத்தையும் எண்ணையும் சொல்கிறேன். அவள் என் வாயைப் பார்க்காமல் கார்டைப் பார்த்துத் திருப்பிச் சொல்கிறாள். பேஷண்ட் தன் விரலால் பல்லைத் தொட்டுக் காட்டுகிறார். பத்து விநாடி.

இன்னொன்று. பேஷண்ட்டுகள் என்னிடம் சொல்வதைவிட வாசலில் தரை துடைக்கும் அக்காவிடம் அதிகம் சொல்வார்கள். "சுகர் இருக்கா, பிரஷர் இருக்கா" என்று நான் கேட்டால் "ஒண்ணுமில்ல டாக்டர்". அதே மனிதர் அக்காவிடம், ஜிப்மரில் ஸ்டென்ட் வைத்தது, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுவது எல்லாவற்றையும் ஒப்பித்திருப்பார். அவருடைய இதய மருத்துவரைக் கேட்காமல் அந்த மாத்திரையில் கை வைக்கவும் முடியாது, அது தெரியாமல் பல்லைப் பிடுங்கவும் கூடாது. அதனால் காலை டீ நேரத்தில் அன்றைய லிஸ்டைப் படிக்கும்போது அக்காவும் உட்கார்கிறார். முதலில் உட்கார மாட்டேன் என்று கதவோரம் நின்றார். மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்ட் நிறுத்தும் நாளும் அவருக்குத்தான் முதலில் தெரியும். அது தெரியாமல் கருவிகளைக் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவை நம்பி ஒரு நாள் முழுக்கச் சும்மா உட்கார்ந்திருந்த கதை தனி.

வரவேற்பில் "பத்தே நிமிஷம்" என்று சொல்லி அனுப்புவது, செயற்கைப் பல் செய்யும் லேபுக்கு நாம் எழுதும் பல் நிற எண் ஏ2, அங்கே ஏ3யாகத் தெரிவது, இதெல்லாம் எல்லாக் கிளினிக்கிலும் உண்டு. நிறம் ஒப்பிடும் ஷேடு அட்டையைப் பல்லுக்குப் பக்கத்தில் வைத்து ஒரு போட்டோ எடுத்து அனுப்பினால் பாதித் தகராறு தீரும்.

"இப்படிப் பேசவிட்டா நாளைக்கு நம்மள மதிக்க மாட்டாங்க" என்றார் நண்பர் ஒருவர், அவரும் பல் டாக்டர்தான். சரி, தப்பான பல்லைப் பிடுங்கினால் யார் மதிப்பார்கள்? 1948ஆம் வருஷத்துப் பல் மருத்துவர் சட்டம் பல் சுத்தம் செய்யும் ஹைஜீனிஸ்ட், செயற்கைப் பல் செய்யும் மெக்கானிக் பற்றியெல்லாம் பேசியது. எங்களுக்குக் கை கொடுக்கும் பெண்கள் அந்தக் கணக்கில் வந்ததில்லை. நாங்கள் கற்றுக்கொடுப்பதுதான் படிப்பு, நாங்கள் கொடுப்பதுதான் சம்பளம். அதையும் குறைத்துக் கொடுத்தால் ஆறு மாசத்தில் ஜவுளிக்கடைக்குப் போய்விடுவார்கள், அடுத்து வரும் பெண் மறுபடி பயத்திலிருந்து ஆரம்பிப்பாள். இதில் நானும் யோக்கியன் இல்லை. போன வருஷம்தான் சம்பளத்தை உயர்த்தினேன்.

போன வாரம் நெல்லிக்குப்பத்துப் பெண் ஒருத்தி, சேர்ந்து மூன்றே வாரம். பல் எடுத்த குழியைக் கழுவ சலைன் சிரிஞ்சை எடுக்கக் கை நீட்டினேன். "டாக்டர், அது ஹைப்போ!" என்று கத்தினாள். ரூட் கெனாலுக்கு ஊற்றும் ஹைப்போகுளோரைட். சிவப்பு டேப் ஒட்டாமல் சலைன் பக்கத்தில் யாரோ வைத்துவிட்டிருந்தோம். திறந்த புண்ணில் போயிருந்தால் அவ்வளவுதான். நாற்காலியில் இருந்த ஓய்வு பெற்ற வாத்தியார் பஞ்சைக் கடித்தபடியே, "ஹைப்போன்னா என்னம்மா?" என்றார்.

"துணி வெளுக்கிற தண்ணி சார்."

அவரைச் சமாதானப்படுத்தி அனுப்ப அரை மணி நேரம் ஆனது.