உயரத்தைத் திருத்துங்கள், புள்ளிகளைத் தொடாதீர்கள்

பழைய கணினி சாகச விளையாட்டுகளை, அவற்றை இன்றைய கருவிகளில் ஓடவைக்கும் ஸ்கம்விஎம் போன்ற புது இன்ஜின்களில் ஓட்டும்போது, புள்ளிகளைக் கரைத்துப் படத்தை வழவழப்பாக்கும் வசதி தொடக்கத்திலேயே இயங்க வேண்டும் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். எனக்கு இதில் உடன்பாடே இல்லை. 16 நிறம் மட்டுமே கிடைத்த ஈஜிஏ என்ற பழைய கணினி வரைகலை முறையின் காலத்தில், நம் ராமநாதபுரம் பக்கம் பனையோலைப் பெட்டியில் சாய ஓலையையும் வெள்ளை ஓலையையும் மாற்றி மாற்றி முடைவதுபோல, இரண்டு நிறப் புள்ளிகளை அடுத்தடுத்து வைத்துத்தான் மூன்றாவது நிறத்தைக் காட்டினார்கள். வழவழப்பாக்கினால் அந்த வேலைப்பாடே போய்விடும். ஒற்றைப் புள்ளியில் வைத்த கண், முகத்தோடு கரைந்துவிடும்.

ஆனால் ஒரு திருத்தம் கட்டாயம் வேண்டும். அகலத்தில் 320, உயரத்தில் 200 புள்ளிகள் கொண்ட படம், அன்றைய 4:3 (அகலம் 4, உயரம் 3) திரையை முழுதாக நிரப்பியது. அதனால் ஒவ்வொரு புள்ளியும் அகலத்தைவிட 1.2 மடங்கு உயரமாகத் தெரிந்தது. இன்றைய லேப்டாப்பில் அப்படியே போட்டால் முழுநிலா நசுங்கிப் போகும். இதைச் சரிசெய்வது அழகுபடுத்தல் இல்லை, ஓவியர் தன் திரையில் பார்த்ததைத் திருப்பிக் கொடுப்பது.

மண்டபம் ஊரில் இருக்கும் என் அக்கா மகன் இந்த விளையாட்டுகளைப் போனில்தான் ஆடுகிறான். அமைப்புகள் பக்கம் போனதே இல்லை. முதலில் வருவதையே அசல் என்று நம்புவான். அதனால் தொடக்கத்தில் வழவழப்பு வேண்டாம்; பிடித்தவர்களுக்கு அது அமைப்புகளில் தாராளமாக இருக்கட்டும்.